தஞ்சைப் பண்டிதரின் தொழில்முனைவு

நுழையும்முன்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்னும் கேள்வியை நீங்கள் பலமுறை எதிர்கொண்டிருப்பீர்கள். வேலைக்குச் செல்வேன் என்பார் சிலர். சொந்தமாகத் தொழில் தொடங்குவேன் என்பார் சிலர். தொழில் தொடங்கும் எண்ணம் ஒருவருக்கு எப்போது தோன்றுகிறது? வறுமை நெருக்கும்போதா? உடலும் உள்ளமும் குடும்பமும் நலமாக இருக்கும்போதா? இசைத்தமிழ் அறிஞராக உலகறிந்த ஒருவர், அதற்கு முன்னர்த் தஞ்சையில் ஒரு தொழிலைத் தொடங்கி வளர்த்தவர். அவருடைய வாழ்க்கை இக்கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது.

பிறப்பும் இளமையும்

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். பெற்றோர் முத்துசாமி, அன்னம்மாள். எளிய குடும்பத்தில் பிறந்தாலும் கல்வியில் தளரா ஆர்வம் கொண்டிருந்தார். திண்டுக்கல்லில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து பயின்று ஆசிரியரானார். அந்நகரிலேயே வயலின் இசையையும் கற்றார். ஒளிப்படக்கலையிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. ஒன்றைக் கண்டால் அதன் நுட்பத்தைக் கைக்கொள்ளும்வரை ஓயாத இயல்பு அவருடையது.

அவருக்குப் பதினேழு வயதானபோது சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். பசித்த உடலை நோய் எளிதில் பற்றிக்கொள்ளும்; நோயுற்ற உடலால் உழைத்துப் பசியைத் தீர்க்க இயலாது. இந்தக் கொடிய வளையத்தைத் தமிழகத்தின் ஊர்கள் பல கண்ட காலத்தில்தான் பண்டிதர் இளைஞராக வளர்ந்தார்.

சித்த மருத்துவத்தில் நாட்டம் கொண்ட அவர், கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய சுருளிமலைக்குச் சென்றார். அங்கே கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு அவரிடம் மருந்து செய்யும் முறைகளைக் கற்றுக்கொண்டார். அத்துறவியைத் தம் வாழ்நாள் முழுவதும் குருவாகப் போற்றினார். பிற்காலத்தில் அவர் தொடங்கிய மருந்துசாலைக்கும் தோட்டத்துக்கும் எழுதிய நூலுக்கும் இட்ட பெயர்கள் எல்லாம் கருணை என்னும் சொல்லிலேயே தொடங்குவதைக் காணலாம்.

காவிரி நாட்டில் ஆசிரியர் பணி

1882ஆம் ஆண்டு இறுதியில் ஞானவடிவு பொன்னம்மாளைப் பண்டிதர் மணந்தார். பொன்னம்மாளும் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மறு ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்கு வந்து, அங்கிருந்த லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணியேற்றனர். பொன்னம்மாள் தலைமையாசிரியராகவும் பண்டிதர் தமிழாசிரியராகவும் பணியாற்றினர். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த நாளில், மனைவி தலைமையாசிரியராக விளங்கிய பள்ளியில் கணவர் ஆசிரியராகப் பணிபுரிந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவர்கள் வந்து சேர்ந்த நாடு நெல்லின் நாடு. கல்லணையில் பிரியும் காவிரி நீர், எண்ணற்ற ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து வயல்களை நனைத்தது. மேட்டூர் அணை எழுப்பப்படாத காலம் அது. ஆற்றில் வெள்ளம் வரும் நாளை நோக்கியே குறுவையும் சம்பாவும் நடந்தன. மாகாணத்தின் பிற பகுதிகளைப் பஞ்சம் வாட்டிய நாளிலும் காவிரிப் பாசனம் தஞ்சை மாவட்டத்தைப் பெரிதும் காத்தது. ஆயினும் சோறுள்ள நாட்டிலும் நோய் இருந்தது. வாந்திபேதி போன்ற கொள்ளைநோய்கள் அந்நாளில் டெல்டா ஊர்களை மீண்டும் மீண்டும் தாக்கின. வயிற்றுக்கு உணவு இருந்தால் போதாது, உடலுக்கு நலமும் வேண்டும் என்பதைத் தஞ்சை மண் உணர்த்திக்கொண்டிருந்தது.

நாற்றங்காலில் ஏழாண்டுகள்

தஞ்சைக்கு வந்தவுடன் பண்டிதர் பள்ளிப் பணியைத் துறந்து மருத்துவத் தொழிலில் இறங்கிவிடவில்லை. 1883 முதல் 1890 வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆசிரியராகவே பணியாற்றினார். கற்பித்தலுடன் மருத்துவத்தையும் கைவிடாது வளர்த்தார். இந்த ஏழாண்டுகளே அவருடைய வாழ்க்கையில் நாம் நின்று நோக்க வேண்டிய பகுதி.

டெல்டா உழவர் விதைநெல்லை நேரே வயல் முழுவதும் தூவி நடவுப் பயிரை எதிர்பார்ப்பதில்லை. சிறிய நாற்றங்காலில் விதைத்து, நீர் பாய்ச்சி, நாற்று வேர் பிடித்து வளர்ந்த பின்னரே பறித்து நடுவர். நாற்றங்கால் சிறியது, அதனைக் காப்பது எளிது. அங்கே தவறு நேர்ந்தால் இழப்பும் சிறிது. பண்டிதரின் மருத்துவ முயற்சிக்கு அவருடைய ஆசிரியர் வாழ்க்கை நாற்றங்காலாக அமைந்தது.

அந்த நாற்றங்காலில் என்னென்ன இருந்தன? முதலாவது, மாதந்தோறும் வந்த ஊதியம். கணவரும் மனைவியும் பொருளீட்டியதால் அடுத்த வேளை உணவைப் பற்றிய அச்சம் இல்லை. இரண்டாவது, ஒத்த கருத்துடைய இல்லறம். பொன்னம்மாள் கல்வியும் நிருவாகத் திறனும் உடையவர். மூன்றாவது, ஊராரின் நம்பிக்கை. மருந்து வாங்குபவர் மருந்தின் உட்பொருளை ஆராய இயலாது. கொடுப்பவரை நம்பியே உட்கொள்கிறார். ஆசிரியருக்குரிய நன்மதிப்பு அந்த நம்பிக்கைக்கு அடித்தளமாகும். நான்காவது, திரும்பத் திரும்பச் செய்து பெற்ற கைத்திறன். ஐந்தாவது, தாம் கற்ற மருத்துவம் பிறருக்குப் பயன்பட வேண்டும் என்னும் நோக்கம்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1948இல் நடைமுறைக்கு வந்தது. நோயின்மை மட்டுமே நலமன்று. உடல், உள்ளம், சமூக உறவு ஆகிய மூன்றும் நன்னிலையில் இருப்பதே நலம் என அது வரையறுக்கிறது. அந்த வரையறைக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்த் தஞ்சையில் வாழ்ந்த அந்த ஆசிரியரின் இல்லத்தில் இம்மூன்றும் பொருந்தியிருந்தன.

துணிந்த ஆண்டு

1890ஆம் ஆண்டு பண்டிதருக்கு வயது முப்பத்தொன்று. அவ்வாண்டில் ஆசிரியர் பணியிலிருந்து விலகி, முழுநேரமும் சித்த மருத்துவத்தில் ஈடுபட்டார். பொன்னம்மாளும் பள்ளிப் பொறுப்பை விடுத்து அவருடன் இணைந்தார்.

இம்முடிவு எளிதானதன்று. இருவரின் ஊதியமும் ஒருங்கே நின்றுபோகும். குழந்தைகளை வளர்க்க வேண்டும். ஆங்கில மருத்துவமனைகள் பெருகிவந்த காலத்தில் சித்த மருத்துவத்தின் எதிர்காலம் எத்தகையது என யாராலும் உறுதி கூற இயலாது. மருந்து விற்காமல் தேங்கினால் மூலப்பொருளுக்கு இட்ட முதலும் மீளாது.

ஆயினும் வேறு வழியின்றி எடுத்த முடிவன்று அது. பள்ளி அவரை நீக்கவில்லை. கடன் அவரை நெருக்கவில்லை. தொடர்ந்து ஆசிரியராக இருந்திருந்தாலும் மதிப்புடன் வாழ்ந்திருக்கலாம். அத்தகைய நிலையில் இருந்தவர், காலம் கனிந்தது எனக் கண்டு தாமே தேர்ந்தெடுத்த பாதை அது. தொழில்முனைவை ஆராய்வோர் இதனை இருவகையாகப் பிரிப்பர். வேறு பிழைப்பின்றித் தொழில் தொடங்குவது தேவையால் எழும் முனைவு. கண்முன் உள்ள நல்வாய்ப்பைக் கண்டு தொழில் தொடங்குவது வாய்ப்பால் எழும் முனைவு. பண்டிதருடையது இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மருந்துசாலையின் வளர்ச்சி

தஞ்சையில் பண்டிதர் நிறுவிய கருணாநிதி வைத்தியசாலை விரைவில் புகழ் பெற்றது. கருணானந்தர் பெயரால் வழங்கிய சஞ்சீவி மருந்துகளும் கோரோசனை மாத்திரைகளும் வீடுதோறும் அறியப்பட்டன. இந்தியாவின் பல பகுதிகளுக்கும் இலங்கை, பர்மா ஆகிய நாடுகளுக்கும் அவருடைய மருந்துகள் சென்றன.

ஓர் ஊரில் இருந்து செய்யும் மருந்து கடல் கடந்து சென்றது எவ்வாறு? அக்காலத்தின் புதிய வசதிகளைப் பண்டிதரின் தொழில் பயன்படுத்திக்கொண்டது. நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே தஞ்சை வழியாகச் செல்லும் இருப்புப்பாதை 1862இலேயே நிறைவுற்றிருந்தது. வாங்குபவர் பொருளைப் பெற்றுக்கொள்ளும்போது பணம் செலுத்தும் வி.பி.பி. அஞ்சல் முறை 1877இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்திருந்தது. வேலை நாடித் தமிழர் பெருந்திரளாகக் கடல் கடந்த காலமும் அதுவே. அயல்நாட்டில் உழைத்த தமிழர்க்குத் தாம் பழகிய மருந்து தேவைப்பட்டது. தொன்மையான மருத்துவ அறிவும் புதிய போக்குவரத்தும் இணைந்த இடத்தில் அவருடைய தொழில் வளர்ந்தது.

மாத்திரை வடிவமும் இவ்வளர்ச்சிக்குத் துணைசெய்தது. கசாயத்தை அன்றன்று காய்ச்ச வேண்டும். நெடுந்தொலைவு அனுப்ப இயலாது. மாத்திரையோ சிறிய புட்டியில் அடங்கும், நெடுநாள் கெடாது, அளவும் மாறாது. நோயாளி மருத்துவரைத் தேடி வந்த நிலை மாறி, மருந்து நோயாளியைத் தேடிச் சென்றது.

கருணானந்தபுரம்

மருந்துத் தொழிலுக்கு மூலிகை வேண்டும். காட்டு மூலிகையை மட்டும் நம்பினால் தேவையான காலத்தில் தேவையான அளவு கிடைக்காது. எனவே பண்டிதர் தஞ்சை நகரை ஒட்டி ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலத்தை வாங்கி, மூலிகைத் தோட்டமாகவும் பண்ணையாகவும் அமைத்தார். அதற்குக் கருணானந்தபுரம் எனப் பெயரிட்டார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். அங்கே வேளாண் ஆய்வுகளையும் மேற்கொண்டார். அவருடைய பணிகளைப் பாராட்டி 1909இல் ஆங்கில அரசு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

ஒரு தொழில் மற்றொன்றுக்கு வழிவகுத்தது. மருந்துக்கு மூலிகை தேவைப்பட்டது, தோட்டம் உருவாயிற்று. அச்சுப்பணிக்கென ஓர் அச்சகத்தையும் தஞ்சையில் நிறுவினார். மின்னாற்றலால் இயங்கிய அதற்கு, அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலியின் பெயர் சூட்டப்பட்டது.

செல்வம் இசையான கதை

பண்டிதரின் செல்வம் பெருகிய பின்னர் அவர் செய்த செயலே அவரை வரலாற்றில் நிலைநிறுத்தியது. தஞ்சை, இசையின் தலைநகராக விளங்கிய ஊர். அங்கு வாழ்ந்த பண்டிதர் இளமையில் பற்றிய இசையார்வத்தை விட்டுவிடவில்லை. தமிழ் மாணவர் தம் தாய்மொழியிலேயே இசை பயில வேண்டும் என்னும் நோக்குடன் தமிழில் இசைப்பாடல்களை இயற்றினார். அவை 1907இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பெயரில் வெளிவந்தன.

1911இல் பொன்னம்மாள் மறைந்தார். பள்ளியிலும் மருந்துசாலையிலும் இல்லத்திலும் துணைநின்றவரின் இழப்பு பேரிழப்பு. நலம் என்பது ஒருமுறை பெற்றுவிட்டால் என்றும் நிலைப்பதன்று. அது குலைவதும் உண்டு. எனினும் பண்டிதரின் பணி நிற்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்னும் அமைப்பைத் தஞ்சையில் தோற்றுவித்தார். இசைவாணர்களையும் அறிஞர்களையும் அழைத்துத் தம் சொந்தச் செலவில் பல மாநாடுகளை நடத்தினார். அவர்களுடைய விருந்தோம்பலுக்கும் ஆய்வுக்கும் மருந்துசாலையின் வருவாய் பயன்பட்டது.

ஓர் இயக்கில் இருபத்திரண்டு சுருதிகள் உள்ளன என்பது அந்நாளில் பலரும் ஏற்ற கொள்கை. பண்டிதர் அதனை மறுத்தார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்து, பழந்தமிழர் ஓர் இயக்கை ஆயப்பாலையில் பன்னிரண்டாகவும் வட்டப்பாலையில் இருபத்து நான்காகவும் பகுத்தனர் என நிறுவ முற்பட்டார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கருத்தை முன்வைத்தார். அவருடைய புதல்வியர் இசைத்துக் காட்டினர். பெரும் புலவர்கள் கூடிய அவையில் நெடுநாளைய கொள்கையை எதிர்த்து நிற்க ஆய்வு மட்டும் போதாது. எவர் ஆதரவையும் எதிர்பாராத தற்சார்பும் வேண்டும். அந்தத் தற்சார்பை அவருக்கு அளித்தது அவருடைய தொழில்.

1917இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட கருணாமிர்த சாகரம் என்னும் ஆய்வுநூல் வெளிவந்தது. தமிழிசை ஆராய்ச்சியின் முன்னோடி நூலாக அது இன்றும் போற்றப்படுகிறது. 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் காலமானார். அவர் எழுதிவைத்த இரண்டாம் பகுதியை அவருடைய மகள் மரகதவல்லி 1946இல் வெளியிட்டார். மகன் வரகுண பாண்டியன் யாழ் ஆராய்ச்சியில் ஈடுபட்டுப் பாணர் கைவழி எனப்படும் யாழ்நூலை இயற்றினார்.

நலமும் முனைவும்

பண்டிதர் வாழ்க்கையிலிருந்து நாம் பெறும் கருத்தைத் தொகுத்துக் காண்போம். தொழில் தொடங்க முதலில் வேண்டுவது பணம் என்றே பலரும் கருதுகின்றனர். பணம் வேண்டும், ஐயமில்லை. ஆனால் அதற்கும் முன்னதாக வேண்டுவது நலமான வாழ்நிலை. உடல் தளர்ந்தவருக்கு நீண்ட உழைப்பு இயலாது. உள்ளம் கலங்கியவருக்கு எதிர்காலத்தைக் கணிப்பது அரிது. கடனாலும் அச்சத்தாலும் நெருக்கப்பட்டவர் முதலில் கிடைத்த வழியையே பற்றிக்கொள்வார். காத்திருந்து தேர்ந்தெடுக்க அவருக்குக் காலம் இராது. அவருக்கு அறிவோ ஊக்கமோ குறைவு என்பது இதன் பொருளன்று. நாற்றங்காலுக்குரிய சிறு நிலமும் அவருக்கு வாய்க்கவில்லை என்பதே பொருள். ஆகவே, இளையோர் தொழில்முனைவோராக வேண்டும் என விரும்பும் சமூகம், கடன் வழங்குவதுடன் நின்றுவிடலாகாது; அவர்தம் உடல்நலத்தையும் மனநலத்தையும் குடும்பப் பாதுகாப்பையும் பேண வேண்டும்.

அதே நேரத்தில் நலம் மட்டுமே முனைவைத் தந்துவிடாது. நலமாக வாழ்வோர் பலர் இருக்கும் நிலையிலேயே நிறைவு கொள்வதும் உண்டு. பண்டிதரிடம் நலத்துடன் நோக்கமும் இருந்தது; குருவிடம் கற்ற மருத்துவம் வீணாகலாகாது என்னும் பொறுப்பு இருந்தது. வயலில் ஈரம் இருந்தும் விதை இல்லையேல் விளைச்சல் இல்லை. விதை இருந்தும் ஈரம் இல்லையேல் முளைப்பதில்லை.

திருக்குறளில் ஊக்கமுடைமை, மருந்து ஆகிய இரு அதிகாரங்களும் பொருட்பாலிலேயே இடம்பெற்றுள்ளன. பொருளைப் பற்றிப் பேசும் பகுதியில் உள்ளத்தின் ஊக்கத்துக்கும் உடலின் நலத்துக்கும் வள்ளுவர் இடமளித்தமை கருதத்தக்கது. வளி, அழல், ஐயம் மூன்றும் தம் அளவில் நிற்பதே நலம் என்பது சித்த மருத்துவக் கொள்கை. அம்மருத்துவத்தைக் கற்ற பண்டிதர் தம் வாழ்விலும் ஊதியம், இல்லறம், நோக்கம் ஆகியவற்றை அளவறிந்து அமைத்துக்கொண்டார். அதன் பின்னரே துணிந்தார்.

பிறர் நலத்துக்கான பொருளையே அவர் தம் தொழிலாக ஏற்றார். அத்தொழில் அவருக்குச் செல்வத்தைத் தந்தது. அச்செல்வத்தை அவர் தமிழிசைக்கு அளித்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கருணாமிர்த சாகரத்தை இசை மாணவர் ஒருவர் கையில் எடுக்கும்போது, அதன் பின்னே ஒரு மருந்துசாலையின் உழைப்பும், அதற்கும் பின்னே ஓர் ஆசிரியர் இல்லத்தின் ஏழாண்டுப் பொறுமையும் இருக்கின்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வேலையை விடுத்துச் சொந்தத் தொழில் தொடங்கிய ஒருவரைச் சந்தித்து, அம்முடிவை எடுத்த நாளில் அவருடைய உடல்நலம், குடும்பநிலை, பொருள்நிலை ஆகியவை எவ்வாறு இருந்தன எனக் கேட்டறிந்து எழுதுக.

2. தேவையால் எழும் முனைவு, வாய்ப்பால் எழும் முனைவு ஆகியவற்றை உங்கள் பகுதியிலிருந்து தக்க சான்றுகளுடன் விளக்குக.

3. ‘தொழில் தொடங்க முதல் தேவை பணமா, நலமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.